பன்னிரண்டாவது சீட்டு

தனக்குப் பயம் என்பதே கிடையாது என்று மகேஸ்வரி சொல்லிக்கொள்வாள். ஹனூர்ப் பக்கம் காட்டோரத்தில், யானை வந்து போகும் சோளக்கொல்லைக்கு நடுவே வளர்ந்தவள் அப்படிச் சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள்? உண்மையில் அவளுக்கு ஒரே ஒரு பயம் உண்டு. டியூஷன் பிள்ளைகள் நின்றுவிடுவார்களோ என்பதுதான் அது.

மைசூரில் ஒரு தனியார் பள்ளி அவளிடம் ஒன்பது வருஷம் வேலை வாங்கிவிட்டு, பி.எட். இல்லை என்று வெளியே அனுப்பியது. மேட்டகள்ளியில் ஒரு பழைய வீட்டின் கீழ் அறையை வாடகைக்குப் பிடித்து ஆங்கிலம் சொல்லித்தர உட்கார்ந்தாள். தொழிற்சாலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்களின் பிள்ளைகள் பதினோரு பேர் வந்தார்கள். வெளியே அவள் காளியப்பன் சம்சாரம். அந்த அறைக்குள் மட்டும்தான் மிஸ். அதை விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

பெயரடை, வினையடை என்றெல்லாம் அவள் பிள்ளைகளை மிரட்டமாட்டாள். அலமாரி மேல் மூடியில்லாத இரண்டு பிஸ்கட் டப்பாக்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

"ஆமை எப்படிப்பட்டதுன்னு கேட்டா ஸ்லோ. செவப்பு டப்பா. ஆமை எப்படி நடக்குதுன்னு கேட்டா ஸ்லோலி. நீல டப்பா. அவ்வளவுதான் கண்ணுகளா."

அவ்வளவுதானா? பாதிப் பேர் கண்டதற்கெல்லாம் 'லி' வாலை ஒட்டினார்கள். "மை அப்பா இஸ் ஸ்லோலி" என்று யுவன் எழுதியதைக் கேட்டு அவன் அப்பாவே சிரித்துவிட்டார். தினமும் ஆளுக்கொரு வாக்கியத்தைச் சீட்டில் எழுதி, மடித்து, சரியான டப்பாவில் போட வேண்டும். சீட்டில் பெயர் மட்டும் எழுதக் கூடாது. அது மகேஸ்வரியின் சட்டம். சின்ன வயதில் கன்னடப் பள்ளியில் அவள் செய்த தப்பையெல்லாம் பெயர் சொல்லிப் படித்து வகுப்பையே சிரிக்க வைத்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் அவள் காதைவிட்டுப் போகவில்லை.

ஆடி மாதத் தூறல் பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், சீட்டுகள் பன்னிரண்டு இருந்தன. யாரோ இரண்டு போட்டிருப்பார்கள் என்று விட்டுவிட்டாள். மறுநாளும் பன்னிரண்டு. அதில் ஒன்று பழுப்புக் காகிதத்தில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் இருந்தது. 'தி லாக் இஸ் பிக்.' பூட்டு பெரியது. அதற்கடுத்த நாள், 'டீச்சர் லாஃப்ஸ் லௌட்லி.' ஒரு பிழை இல்லை. போட்ட டப்பாவும் சரி. அவள் பிள்ளைகளில் ஒருவருக்கும் இவ்வளவு சுத்தமாக வராது.

"யார்ரா இது? அடிக்க மாட்டேன், சொல்லுங்க."

பதினோரு தலைகளும் இல்லை என்று ஆடின. சௌம்யா மட்டும் அறையின் மூலையைப் பார்த்துக்கொண்டு, "தெவ்வா மிஸ்" என்றாள். கன்னடத்தில் சொன்னாலும் பேய் பேய்தானே. மறுநாள் இரண்டு பேர் வரவில்லை. யுவனின் அம்மா சென்னம்மா வாசலிலேயே நின்றுகொண்டு, "என்னங்க மிஸ், இந்த வீட்ல ஏதோ இருக்குதாமே?" என்று கேட்டாள்.

அடுத்த நாள் மகேஸ்வரி நடுப்பகலிலேயே வந்து, டப்பாக்களைக் கவிழ்த்துத் துடைத்து வைத்தாள். அறையில் வேறு யாரும் இல்லை. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. சற்று நேரத்தில் நீல டப்பாவுக்குள் மெல்லிய சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். பழுப்புச் சீட்டு. 'டீச்சர் கம்ஸ் ஏர்லி டுடே.' டீச்சர் இன்று சீக்கிரம் வருகிறார்.

நிமிர்ந்து பார்த்தாள். அலமாரிக்கு நேர் மேலே, கூரையில் பழைய ஒயர்க் குழாயைப் பிடுங்கிய இடத்தில் ஒரு ஓட்டை இருந்தது. இரண்டு விரல் நுழையலாம். அது இருட்டாக இருந்தது. பிறகு கொஞ்சம் வெளிச்சமாயிற்று. மறுபடி இருண்டது.

வெளிப்படியில் ஏறி ஓடினாள். மேல் அறைக் கதவில் கைப்பிடி அளவுக்குப் பூட்டு தொங்கியது. தட்டினாள். இன்னும் பலமாகத் தட்டினாள்.

"அங்கே யாரு இல்ல டீச்சர்," என்றார் சத்தம் கேட்டு வந்த வீட்டுக்காரர் பசவராஜ். "சமையல் காண்ட்ராக்ட்காரனுக்குப் பாத்திரம் வைக்க விட்டிருக்கேன். பூட்டு நீங்களே பாத்தீங்கல்லா?"

பார்த்தாள். வெளியே பூட்டியிருக்கும் வீட்டில் ஆள் எப்படி இருக்கும்? அதற்கு மேல் கேட்க அவள் விரும்பவில்லை. கேட்டால் தெருவுக்கே தெரிந்துவிடும், இருக்கிற ஒன்பது பேரும் போய்விடுவார்கள். அன்றே நாற்காலி மேல் ஏறி, கந்தல் துணியை ஓட்டைக்குள் திணித்தாள். மேலிருந்து ஏதோ ஒன்று அதை மெதுவாகத் திருப்பித் தள்ளியது.

மகேஸ்வரிக்கு மயிர்க்கால் எல்லாம் சிலிர்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கரண்டிக் காம்பால் இன்னும் பலமாகக் குத்தித் திணித்து, சிமெண்ட் குழைத்துப் பூசினாள். மேலே மூன்று முறை லேசாகத் தட்டும் சத்தம் கேட்டது. அவள் ஃபோனில் பாட்டை வைத்தாள்.

அதன்பின் சீட்டுகள் கணக்காக வந்தன. போனவர்கள் திரும்பி வந்தார்கள், புதிதாக ஏழு பேர் சேர்ந்தார்கள். ஒரு மாதம் கழித்துக் காண்ட்ராக்ட்காரன் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு காலி செய்தான். இடம் போதாமல் தவித்த மகேஸ்வரியை மேல் அறையையும் எடுத்துக்கொள்ளச் சொல்லி பசவராஜ் கூட்டிப்போனார்.

பாத்திரம் இருந்த இடமெல்லாம் கரி வட்டங்கள். சுவரோரம் சின்னப் பாய் ஒன்று, நெளிந்த தட்டு, ஒற்றை ஹேர் கிளிப். பசவராஜ் முகம் வெளுத்துப் போனார்.

"அவன்கிட்ட வேலை செஞ்ச சமையல்காரம்மா பொண்ணா இருக்கும் டீச்சர். பூட்டிட்டு வேலைக்குப் போயிருக்காங்க. எனக்குச் சத்தியமாத் தெரியாது."

"இப்ப எங்க அந்தப் புள்ள?"

"லாரில போயிட்டாங்க. எந்த ஊருன்னு யாருக்குத் தெரியும்?"

அடைத்த ஓட்டையைச் சுற்றிப் பழுப்புச் சீட்டுகள் குவிந்து கிடந்தன. கல்யாணச் சமையல் பட்டியல்களின் பின்பக்கம் கிழித்தவை. கீழே போக வழியில்லாமல் ஒரு மாதமாகச் சேர்ந்தவை. மகேஸ்வரி தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். 'ஐ சிட் குயட்லி.' சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கிறேன். 'ஐ ஆம் குட்.' நான் நல்ல பெண். மறுபடி மறுபடி அதுவேதான், விதவிதமாக.

பேய் என்று நம்பியதற்குக்கூட அவளுக்கு அவ்வளவு வெட்கமாக இல்லை. துணியைத் திருப்பித் தள்ளியது ஒரு விரல் என்று அந்த நிமிஷமே அவள் கைக்குத் தெரியும். தெரிந்துதான் குத்தினாள்.

கீழே வந்த சீட்டுகளில் பெயரே இருந்ததில்லை. கேட்டுப் படித்த பிள்ளை அவள் சட்டத்தை ஒரு நாளும் மீறவில்லை. அடைத்த பிறகு எழுதிய சீட்டுகளில்தான், ஒன்று விடாமல், மூலையில் பெரிதாக எழுதியிருந்தது: லீலா.