ப்ளக் குழியில் நின்ற ஆயில்

கரமனையில் கார் வைத்திருக்கும் யாருக்கும் நேசையனின் வாய் தெரியும். அந்த வாயிலிருந்து "ரிங் போச்சு" என்று வந்துவிட்டால் அப்பீல் கிடையாது. மறுத்துப் பேசினால், "அப்போ வேற வர்க்‌ஷாப் நோக்கிக்கோ" என்று ஸ்பானரைக் கீழே வைத்துவிடுவார்.

மார்த்தாண்டத்திலிருந்து பதினாறு வயதில் வந்து, அம்பாசடரில் கை கறுத்தவர் அவர். ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றுவார், முனையைப் பார்ப்பார், மோந்து பார்ப்பார், தீர்ப்புச் சொல்வார். முனையில் ஆயில் இருந்தால் உள்ளே பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, எஞ்சினை இறக்கியே ஆக வேண்டும். முப்பது வருடமாக அது பொய்த்ததில்லை. மனுஷனுக்குக் கர்வம் வராமல் என்ன செய்யும்?

இரண்டாயிரத்து ஏழாம் வருட மழைக்காலத்தில் கோமதியம்மாள் தன் ஒன்பது வயதுக் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். நாகர்கோவில்காரர், ஆபீஸ் ஒன்றில் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி மிஸ்ஸிங் அடித்தது, விட்டுவிட்டுத் திணறி ஓடியது. நேசையன் முதல் ப்ளக்கைக் கழற்றினார். முனையில் ஆயில் சொட்டியது.

"ரிங் போச்சும்மா. எஞ்சினை இறக்கணும்."

"ரிங் போனா புகையணுமே, பின்னால புகையே வரல்லியே, ஆசானே?"

"வரும். நாளைக்கு வரும்."

இந்த வண்டியில் ப்ளக்குகள் அம்பாசடரைப் போலப் பக்கவாட்டில் துருத்திக்கொண்டு நிற்கவில்லை. எஞ்சினின் மேல்மூடியில் ஒரு சாண் ஆழத்துக்கு நாலு குழி. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு ப்ளக். இரண்டாவது குழியின் ரப்பர் தொப்பியை நேசையன் வெடுக்கென்று பிடுங்க, ஆயில் தெறித்தது.

கோமதியம்மாள் சேலையை ஒதுக்கிக்கொண்டார். "அந்தக் குழியைத் தொடச்சிட்டுக் கழத்தினா என்னவாம்?"

பெண்பிள்ளை சொல்லித்தான் இதெல்லாம் செய்ய வேண்டுமா என்று எரிச்சலாக இருந்தது. இருந்தாலும் ஸ்க்ரூடிரைவரில் துணியைச் சுற்றிக் குழிக்குள் விட்டார். ஆயில் வந்துகொண்டே இருந்தது. நாலு துணி நனைந்தது. ஐந்தாவது துணி காய்ந்தே வந்த பிறகு ப்ளக்கைக் கழற்றினார்.

முனை காய்ந்திருந்தது. ஒழுங்காக எரியும் ப்ளக்குக்கு உள்ள பிஸ்கட் நிறத்தில் இருந்தது.

மூன்றாவதைத் துடைத்துக் கழற்றினார். அதுவும் காய்ந்திருந்தது. நாலாவதும் அப்படியே. நேசையன் நாலு ப்ளக்கையும் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து ஆயில் ஏறவே இல்லை. குழியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் இறுகிப்போய், மூடியிலிருந்து கசிந்த ஆயில் குழியில் தேங்கியிருக்கிறது. துடைக்காமல் ப்ளக்கைக் கழற்றும்போது அது வழிந்து முனையை நனைத்திருக்கிறது. நனைத்தது இவருடைய கைதான்.

"என்ன ஆசானே, ஒரு மாதிரி நிக்கேரு?"

"ரிங் ஒண்ணும் போகல்லம்மா. நாலு ரப்பர் மாத்தினா மதி, வேற ஒண்ணும் வேண்டாம்," என்றவர் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவர் நினைப்பு இந்தக் காரில் இல்லை, குற்றாலலிங்கத்தின் டாக்ஸியில் இருந்தது.

தென்காசிக்காரரான குற்றாலலிங்கம் இதே மாதிரி வண்டியை டாக்ஸியாக ஓட்டிக் குடும்பம் நடத்தியவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த எஞ்சினுக்கும் நேசையன்தான் தீர்ப்புச் சொன்னார். எஞ்சினை இறக்கி வேலை பார்க்கக் காசில்லாமல் லிங்கம் வண்டியைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, தம்பானூரில் ரயில் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு லாட்ஜுக்கு வாட்ச்மேனாகப் போனார். ஞாயிற்றுக்கிழமை தோறும் சர்ச் முடிந்து நேசையன் அவரோடுதான் டீ குடிப்பார்.

அன்று செவ்வாய்க்கிழமை. கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் நேசையன் தம்பானூருக்குப் பஸ் ஏறினார். லாட்ஜ் பக்கத்து டீக்கடையில் லிங்கத்தை நிறுத்தி வைத்து, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினார்.

"உனக்க எஞ்சினுக்கு ஒரு கேடும் இல்ல, லிங்கம். நாந்தான் கெடுத்தேன்."

லிங்கம் டீயை ஊதிக்கொண்டே இருந்தார். "எனக்குத் தெரியும், அண்ணாச்சி."

"என்னது?"

"வாங்குனவன் ரப்பர மாத்திட்டு ஓட்டுதான். இந்த ஸ்டேஷன் வாசல்லதான் சவாரி எடுக்கான். தெனமும் பாக்கேன்."

இரண்டு வருடமாக இந்த மனுஷன் எல்லாம் தெரிந்தும் எதிரே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறான்.

"பின்னே எதுக்கு எங்கிட்ட சொல்லல்ல?"

"வண்டிதான் போயாச்சே. சொன்னா நீங்க அதுக்கப்புறம் ஒரு ப்ளக்கயும் தைரியமாத் தொடமாட்டீய. எதுக்கு ஒங்க பொழப்பயும் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

"அதுக்கப்புறம் இதே மாதிரி மூணு வண்டிக்கு எஞ்சினை இறக்கியிருக்கேன்," என்றார் நேசையன். "இறக்கின எஞ்சினைத் திரிச்சுப் பூட்டும்போ ரப்பரும் புதுசு போடுவேன். ஆயில் நின்னுபோகும். நான் சொன்னது சரிதான்னு நினைச்சேன்."

லிங்கம் டீ கிளாஸைக் கீழே வைத்தார். இதை அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

"மூணா?" என்றார். "யாரு வண்டி அண்ணாச்சி, அதெல்லாம்?"

நேசையன் ஒவ்வொரு பேராகச் சொன்னார். மூன்றாவது பேர், போன வருடம் லிங்கமே வர்க்‌ஷாப்புக்குக் கூட்டிக்கொண்டு வந்து விட்ட தன் மைத்துனனுடையது.