படகுக்காரரின் ஷூ

ஆம்பூருக்குப் பக்கத்தில் மாதனூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதில் சில தையல் மெஷின்கள். கம்பெனிகள் வெட்டித் தரும் தோலை ஷூவின் மேல்பாகமாகத் தைத்துக் கொடுப்போம். ஷூ கம்பெனி மேனேஜரோடு சண்டை போட்டு வேலையை உதறிவிட்டு, என் வீட்டுக்காரர் வைராக்கியமாகப் போட்ட கொட்டகை அது. போன வருஷம் வேலை வருவது நின்றேபோனது. சொகுசுப் படகு கட்டும் ஒருவருக்குத் தோல் சீட் தைக்க ஆள் வேண்டுமாம் என்று என் வீட்டுக்காரரின் தோஸ்த் சொல்ல, சென்னையில் நடந்த படகுக் கண்காட்சிக்கு இரண்டு பேரும் கிளம்பினோம். இந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் மறுபடியும் அதே கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டும். அதை நினைத்து ரயிலிலேயே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அந்தப் படகுக்காரர் காட்சிக்கு வைத்திருந்த படகில் ஏறும் முன் செருப்பைக் கழற்றிக் கூடையில் போடச் சொன்னார்கள். போட்டுவிட்டு ஏறினோம். வாசலில் விலை எழுதியிருந்தது. அந்த விலைக்கு எங்கள் தெருவையே வாங்கிவிடலாம்.

உள்ளே இறங்கும் படி ஏணி மாதிரி செங்குத்தாக இருந்தது. இறங்கி நிமிர்ந்ததும் நெற்றியில் இடித்துக்கொண்டேன். பாத்ரூம் கதவு கட்டிலில் முட்டிப் பாதியில் நின்றது. வயிற்றை எக்கிக்கொண்டுதான் நுழைய வேண்டும். தலையணைக்குப் பக்கத்திலேயே அடுப்பு. சோபாவோ ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவு செலவு செய்து கடலுக்குப் போய், உட்கார்ந்து சுவரையா பார்ப்பார்கள்? மேல்தளத்தில் பொட்டு நிழல் இல்லை. அங்கே போட்டிருந்த வெள்ளைத் தோல் சீட்டில் உட்கார்ந்த வேகத்தில் சூடு தாங்காமல் எழுந்துவிட்டேன்.

"இன்னாங்க இது? காசையும் குடுத்துட்டு இதுல எப்படி இருப்பாங்க?"

"சும்மா இரு. கேட்டா நல்லா இருக்குன்னு சொல்லு, போதும்" என்றார் அவர். ஒரு தையல் கோணினாலே ஜோடியைப் பிரிக்கச் சொல்லும் மனுஷன் இவர்.

படகுக்காரர் மேலே யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறார், கீழே காத்திருங்கள் என்றார்கள். இறங்கி வந்து செருப்பைப் போட்டுக்கொண்டோம். நான் அங்கேயும் இங்கேயும் நடந்தேன். அவர் கூடைக்குப் பக்கத்தில் குந்திவிட்டார்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம். கல்யாண மண்டபமானாலும் சாவு வீடானாலும், வாசலில் ஷூ கிடந்தால் கை சும்மா இருக்காது. எடுத்து வளைத்து, திருப்பி, உள்ளே எட்டிப் பார்த்து, எந்தக் கம்பெனி வேலை என்று சொல்லியாக வேண்டும். அவரும் ஒரு பழுப்பு ஷூவை எடுத்து மோந்து பார்த்தார்.

"நம்ம பக்கத்துத் தோலுதான், பாரு."

"வெச்சிடுங்க, யாராச்சும் பாத்தா..." என்று நான் சொல்லி முடிப்பதற்குள், காதில் போனோடு ஒருவர் படகிலிருந்து இறங்கி வந்தார். அவருடைய ஷூதான் அது. போன் பேச்சிலேயே இவர்தான் படகுக்காரர் என்று தெரிந்தது. பேச்சை நிறுத்தாமல், கீழே பார்க்காமல், காலை நீட்டினார்.

மேனேஜருக்கே அடங்காத மனுஷன், ஒரு நொடி அந்தக் காலைப் பார்த்தார். பிறகு ஷூவை மாட்டிவிட்டார். இன்னொரு கால் வந்தது. அதற்கும் மாட்டினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கூடையைத் தூக்கிக் கடலில் எறியலாம் போலிருந்தது.

போன் பேச்சு முடிந்ததும் என் வீட்டுக்காரர் எழுந்து, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சார், ஆம்பூர்லேர்ந்து போன் பண்ணோமே, சீட்டு தைக்கிறவங்க. நாங்கதான்."

படகுக்காரரின் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, சாரி சார். நான் இங்க வேலை செய்யற ஆளுன்னு நெனச்சு... ரொம்ப சாரிம்மா." ஜூஸ் வரவழைத்தார். ஊரில் மழை உண்டா, ரயிலில் கூட்டமா என்று விசாரித்தார். நாங்கள் கொண்டுபோன சாம்பிளைப் பிரிக்கவே விடவில்லை. "அதெல்லாம் எதுக்கு சார், நானே கூப்பிடறேன்" என்று கும்பிட்டு அனுப்பினார். ஒரு தடவைகூட எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

"தங்கமான மனுஷன். ஆர்டர் நமக்குத்தான்" என்றார் இவர், ரயிலில். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த ஆள் எங்களைத் திட்டியிருந்தால் வேலை கொடுத்திருப்பார். இவ்வளவு வெட்கப்பட்டவர் இனி எங்கள் கண்ணில் படமாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்படியேதான் ஆனது. போன் அடித்தால் எடுப்பதில்லை. கடைசியில் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டதாக அந்தத் தோஸ்துதான் வந்து சொன்னார்.

கம்பெனி பஸ்ஸுக்காக இவர் மறுபடியும் ரோட்டில் நின்ற முதல் நாள் நானும் கூடப் போனேன். கழுத்தில் புது அட்டை தொங்கியது. பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தவர் திடீரென்று சொன்னார்:

"ஷூவைப் போட்டுவுட்டுட்டு அப்படியே நகந்து போயிருக்கணும். கொஞ்ச நேரம் கழிச்சு வேற பக்கமா வந்து, புதுசா வணக்கம் வெச்சிருந்தா குடுத்திருப்பான்."

"அவருக்கு அடையாளம் தெரிஞ்சிருக்காதா?"

"காலை நீட்டறவன் மூஞ்சியவா பாக்கறான்?"

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.