வாசுகி அக்கா உள்ளே விடாத செயலி

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பெடுக்க முதன்முதலாக வந்த யோகேஸை வாயிலிலேயே நிறுத்தியவர் காவலாளி வாசுகி. மோட்டார் சைக்கிளின் நம்பரை எழுதிக்கொண்டு, ஐ.சி. அடையாள அட்டையைப் பார்த்து, பையையும் திறக்கச் சொன்னார்.

"நான் டிகிரி முடிச்சவன்கா!"

"அதுவும் பைக்குள்ளதான் இருக்கா? காட்டுங்க பாப்போம்."

பதினோரு வருடமாக மற்றவர்களின் வண்டிகளுக்குத் தடுப்புக்கட்டையைத் தூக்கிய வாசுகிக்குத் தானும் வண்டி ஓட்ட வேண்டும் என்று கொள்ளை ஆசை. லைசென்ஸ் எழுத்துத் தேர்வில் இரண்டு முறை தோற்றிருந்தார். கேள்வியை எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் நேரம் ஓடிவிடும். மூன்றாம் தேர்வு வியாழக்கிழமை.

இதைக் கேட்ட யோகேஸுக்குக் கை பரபரத்தது. கேள்விகளைத் தமிழில் வாசித்துப் பழக்கும் செயலியைத் தானே செய்தான். பிளே ஸ்டோரில் ஏற்ற அவகாசமில்லை. செவ்வாய்க்கிழமை வாயிலுக்கு வந்து, செயலியின் கோப்பை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான்.

"தெரியாத எடத்துலேருந்து வருதுன்னு போனு கத்துதே தம்பி?"

"நான் செஞ்சதுதான்கா. அனுமதி குடுங்க."

கொடுத்தார். செயலி திறந்ததும் தொடர்பு எண்களைக் கேட்டது. அடுத்து குறுஞ்செய்திகளைக் கேட்டது. வாசுகி நிமிர்ந்தார்.

"கேள்வி வாசிக்க என் மெசேஜ் எதுக்கு?" என்றவர் அங்கேயே அதை அழித்துவிட்டார்.

"அக்கா, பரீட்சைக்கு ரெண்டு நாள்தான் இருக்கு!"

"டிரைவர் தெரிஞ்சவருதான். ஆனா வண்டில உள்ள லோடைப் பாக்கணும்லா!"

யோகேஸ் மடிக்கணினியைத் திறந்து பார்த்தான். முகம் சிவந்தது. இணையத்தில் எடுத்த மாதிரி நிரலின் மேல் கட்டியிருந்தான். எண்களையும் குறுஞ்செய்திகளையும் கேட்கும் வரிகள் அதிலேயே ஒட்டிக்கொண்டு வந்திருந்தன. வாயிலில் நின்றபடியே நீக்கி, மறுபடி அனுப்பினான். இம்முறை செயலி எதையும் கேட்கவில்லை. செயலி ஏறியதும், தெரியாத செயலிகளை ஏற்ற வாட்ஸ்அப்புக்குக் கொடுத்திருந்த அனுமதியையும் வாசுகி அணைத்தார். "வண்டி உள்ள வந்துடுச்சில்ல, கட்டைய எறக்கணும்."

அன்றிலிருந்து வாயிலில் செயலி கேள்வி வாசிக்கும் சத்தம்தான். தேயிலைக் கொழுந்து ஏற்றும் லோரியை ஓட்டும் கந்தன் நின்று ஒரு கேள்விக்குப் பதில் சொன்னார். தவறு என்றது செயலி.

"இருவது வருசமா எப்புடிண்ணே ஓட்டுறீங்க?" வாசுகி விழுந்து விழுந்து சிரித்தார்.

வியாழன் மதியம் யோகேஸின் போன் அலறியது. "தம்பி! அம்பதுக்கு நாப்பத்தேழு!" வகுப்பில் பிள்ளைகள் திடுக்கிடும்படி அவன் கத்தினான்.

வண்டி ஓட்டும் தேர்விலும் தேறிய வாசுகி இப்போது தோட்டத்து மருந்தகத்தின் வேனை ஓட்டுகிறார். வாரம் மூன்று நாள் தானா ராத்தா நகர மருத்துவமனைக்குப் போய்வருகிறார்.