சர்பத் கடையின் புதுப் பிளாஸ்டிக் குடம்

இன்று மதியம் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் கழுகுமலை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, சர்பத் கடை அண்ணாச்சியிடம் ஒரு எலுமிச்சை சர்பத் வாங்கினேன். முதல் வாயிலேயே புது ரப்பர் செருப்பின் வாடை.

இப்போது வீட்டுக்கு வீடு வந்துகொண்டிருக்கிறதே, அந்தப் பிளாஸ்டிக் குடத்திலிருந்துதான் மொண்டு தந்திருக்கிறார். காலையில் பிழிந்த சாறு, வெயிலில் அதற்குள்ளேயே கிடக்கிறது.

"முன்னால பித்தளை அண்டாதான வச்சிருந்தீங்க?" என்றேன்.

"புளிப்பு பட்டா களிம்பு ஏறுதுன்னு எல்லாரும் ஏசினாவ. அதான் மாத்திட்டேன். இதுல களிம்பே பிடிக்காது, பாத்துக்கிடுங்க" என்றார் பெருமையாக.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பித்தளையையே அரிக்கிற புளிப்பு பிளாஸ்டிக்கை மட்டும் சும்மா விட்டுவிடுமா? களிம்பாவது பச்சையாகக் கண்ணுக்குத் தெரியும். இதில் என்ன இறங்குகிறது என்று யார் கண்டார்?

"வாடை அடிக்குதே அண்ணாச்சி!"

"அது எசன்ஸ் வாடை."

சொல்லிவிட்டு, தன் சாப்பாட்டுக்கு மோரை எடுத்து வைத்தார். எவர்சில்வர் தூக்குச்சட்டி!

"இது மட்டும் ஏன் எவர்சில்வர்ல?"

"பிளாஸ்டிக்குல ஊத்தித் தர மாட்டேங்கா எங்க வீட்டுல. மோர்ல வாடை இறங்குதாம்."

மீதி சர்பத்தை அவர் கடை வாசலிலேயே கொட்டிவிட்டு வந்தேன்.

உங்கள் ஊர்க் கடைக்காரர் தனக்கு எதில் வைத்துக் குடிக்கிறார்? பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.