குண்டூசி அக்காவின் உதடு

அந்தத் தையல்கடையில் துணி கொடுத்தால் உதடு வெந்துபோகும் என்று தெரு முழுக்கப் பேச்சு. அங்கே தைக்கிறவள் எச்சில் தொட்டு நூல் கோக்கிறாளாம், அது வழியாகத் தொற்றிக்கொள்கிறதாம். சொன்னவர்களில் யாருடைய உதடும் வெந்திருக்கவில்லை. எதற்கும் பார்த்துவிடுவோமென்று, அளவாக இருந்த பேண்ட் ஒன்றை நீளம் குறைக்க எடுத்துப் போனேன்.

ஜன்னலோர மிஷினில் குண்டூசி அக்கா. தைக்கும்போது குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொள்வதால் வந்த பெயர். அந்த உதடு இப்போது சிவந்து, வெடித்து, செதில் செதிலாக உரிந்திருந்தது.

"உள்ள போய் உக்காரும்மா. வர்றவங்க உன் மூஞ்சியப் பார்த்துட்டுத் திரும்பிப் போறாங்க" என்றார் முதலாளி.

உள்ளே என்றால் வெட்டுத்துணி மூட்டைகள் கிடக்கும் இருட்டறை. அங்கே போனவர்கள் அப்புறம் பட்டன் தைப்பதோடு சரி, அளவெடுக்க யாரும் கூப்பிடுவதில்லை.

"நான் உதட்டாலயா தைக்கிறேன் முதலாளி? மிஷினோட சேர்த்துத் தூக்குங்க, போறேன்."

முதலாளிக்கு இடுப்புவலி. பேச்சு அதோடு நின்றது.

பேண்ட்டை அளந்துகொண்டே, எதிர்க்கடை வரை கேட்கும் குரலில் அக்கா கதையைச் சொன்னார். காய்ந்தால் நக்குவது, நக்கினால் இன்னும் காய்வது. வாசனைக் களிம்பு தடவியதில் எரிச்சல் இரட்டிப்பு. கடைசியில் தோல் டாக்டர்.

"வாயில என்ன வைப்பீங்கன்னு கேட்டாரு. சோறுன்னேன். வேறன்னாரு. ஊசின்னேன். பேனாவைக் கீழ வெச்சுட்டாரு."

முதுகில் மருந்துப் பட்டை ஒட்டிப் பார்த்ததில், குண்டூசிப் பூச்சில் இருக்கும் நிக்கல் ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தது. யாருக்கும் தொற்றாது. சொன்ன நாள் வரை மட்டும் மருந்துக் களிம்பு. அதற்கு மேல் வாசனையில்லாத வாசலின், காயக் காய. தோலின் வேலி பழையபடி எழும்பும்வரை நக்கக் கூடாது. ஊசியை இனி எப்போதுமே கவ்வக் கூடாது.

ஊசிதான் பெரும்பாடு. குத்திவைக்க மணிக்கட்டில் பஞ்சுத் திண்டு கட்டியும் கை நேராக வாய்க்கே போனது. வாசலினை ஜன்னலில் உட்கார்ந்தே, வெயிலில் மினுங்க, அப்பிக்கொண்டார்.

"அதையாவது உள்ள போய்த் தடவக்கூடாதா?" என்றார் முதலாளி.

"தெருவுல பேசுன உதடு, தெருவுலயே ஆறட்டும்."

பேண்ட் வாங்கப் போன நாளில் உதடு ஆறி, புதுத்தோல் படர்ந்திருந்தது. பேண்ட் கணுக்காலுக்கு மேல் நின்றது. விசாரணைக்குப் போனவனுக்கு அது வேண்டியதுதான். பனிக்காற்றில் முதலாளியின் உதடு வெடித்திருந்தது.

"அந்த டப்பாவக் கொஞ்சம் குடேன்."

"தொத்திக்குமே முதலாளி."

"தொத்தாதுன்னு டாக்டரே சொன்னாராமே."

"கேக்கல. வாசப்பக்கம் பார்த்துச் சொல்லுங்க."

முதலாளி வாசலைப் பார்த்துச் சொன்னார், இரண்டாம் தடவை இன்னும் சத்தமாக. எதிர்க்கடையில் தலைகள் திரும்பின. அக்கா டப்பாவை நீட்டினார். முதலாளி விரலை விட்டு எடுத்து, உதட்டில் தேய்த்து, மறுபடி விட்டார்.

"அது உங்களுக்கே. எச்சில் விரல் பட்டது எனக்கு ஆகாது. புது டப்பா வாங்கிக் குடுத்துடுங்க."

நேற்றும் அந்தப் பக்கம் போனேன். அக்கா அதே ஜன்னலில். புது டப்பா இன்னும் வரவில்லை.