சித்தியைக் கூட்டிவரப் போன மாமா

சித்தியைக் கூட்டி வருவதற்காகப் பெரிய மாமா அறுகம்பைக்குப் போனபோது என்னையும் அழைத்துப் போனார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அக்கா மகளைப் பார்த்தால் சித்தி மறுக்கமாட்டாள் என்பது அவர் எண்ணம். கடலைப் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

பூண்டுலோயா பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாமா கங்காணி; ஆட்களை வேலை வாங்குபவர். மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் எல்லோரும் அவர் குரலுக்குப் பயப்படுவார்கள். சொந்தத் தங்கை மட்டும் கொழுந்து பறிக்கமாட்டேன் என்று மலையை விட்டு இறங்கி, கடற்கரையில் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் சமையல் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். சீசனுக்குப் போவாள், முடிந்ததும் வருவாள். இப்படி மூன்று வருடம். அந்த வருடம் மாமா அவளுக்குக் கொட்டகலையில் மாப்பிள்ளை பார்த்து வாக்கும் கொடுத்துவிட்டார். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

பஸ் மாறி மாறி, வழியெல்லாம் நான் வாந்தி எடுத்து, பின்னேரம்தான் போய்ச் சேர்ந்தோம். விடுதி என்றது ஒரு மீனவர் வீடு. பின்பக்கம் நான்கு ஓலைக் குடில்கள் போட்டு வாடகைக்கு விட்டிருந்தார்கள். வீட்டுக்கார அம்மா தேத்தண்ணி கொடுத்துக்கொண்டே சொன்னார்: "கடல்ல மீன் கொறஞ்சி போச்சு தம்பி. இப்ப அலைதான் எங்களுக்குச் சோறு போடுது."

மாமா அதைக் காதில் வாங்கவில்லை. "தங்கச்சி எங்க?" என்றார்.

"புள்ள கடலுக்குள்ள நிக்கிது."

சமையல்காரிக்குக் கடலில் என்ன வேலை என்று முணுமுணுத்தபடி மாமா நடந்தார். சித்தி கறுப்பில் முழுக்கைச் சட்டையும் காற்சட்டையும் போட்டு, இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். அலைச்சறுக்குப் பலகையில் குப்புறப் படுத்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை, அலை வரும் நேரம் பார்த்துத் தள்ளிவிட்டாள். அந்தப் பெண் எழுந்து நின்ற கையோடு விழுந்தாள். சித்தி இங்கிலீசில் ஏதோ அதட்டிச் சொல்ல, அவள் பணிவாகத் தலையாட்டினாள். எனக்கு அது கடலைவிடப் பெரிய அதிசயமாக இருந்தது.

மாமா கரையிலிருந்து கூப்பிட்டார். அலைச் சத்தத்தில் கேட்கவில்லை. காலில் போட்டிருந்த சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் தண்ணீருக்குள் இறங்கினார்.

"ஏ புள்ள! என்ன கோலம் இது? பொறப்படு!"

"அண்ணே, அங்கயே நில்லுங்க! உள்ள வராதீங்க!"

"நீ எனக்குச் சொல்றியா?"

அடுத்த அலை அவரைப் புரட்டிப்போட்டு உள்ளே இழுத்துக்கொண்டு போனது. நான் அலறினேன். சித்தி பலகைமேல் பாய்ந்து படுத்து, இரண்டு கைகளாலும் தண்ணீரைத் துழாவி அவரிடம் போனாள்.

"என்னையப் புடிக்காதீங்கண்ணே! பலகையப் புடிங்க!"

மாமா சொன்னபடி செய்தார். அவரைக் குப்புறப் படுக்கவைத்து, அலைக்காகக் காத்திருந்து, ஒரே தள்ளாகத் தள்ளினாள். மாமா வழுக்கிக்கொண்டே வந்து என் காலடி மணலில் நின்றார். ஒரு சப்பாத்து போய்விட்டது.

அன்றிரவு அங்கேயே தங்கினோம். மறுநாள் காலை மாமா மணலில் உட்கார்ந்து, சித்தி அந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் நாலைந்து பேருக்குச் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்தபடியே இருந்தார். வெயில் ஏறியதும் சித்தி குடிலுக்குப் போய், உடுப்பை மாற்றி, பையைக் கட்டிக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்தபடி வந்து நின்றாள்.

மாமா பையைப் பார்த்தார். "அத உள்ள வையி. சீசன் முடிஞ்சதும் வா" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். சித்தி அங்கேயே நின்று அழுதாள்.

ஊருக்கு வந்ததும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், கேட்காமல் வாக்குக் கொடுத்தது தன் பிழைதான் என்று சொல்லி, அவர்கள் ஏசியதையெல்லாம் வாங்கிக்கொண்டு வந்தார். கங்காணியார் கடலுக்குப் பயந்து ஓடி வந்துவிட்டார் என்று நான் லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒருநாள் அவர் காதுபடவே சொன்னேன்.

"ஆமா பாப்பா, பயந்துதான் போனேன்" என்றார். "கொஞ்சத்துல காரியம் கெட்டிருக்கும்."

தான் கடலில் முழுகப் பார்த்ததைத்தான் சொல்கிறார் என்று அப்போது நினைத்து, நானும் சிரித்தேன்.