நாற்பது பட்டைகளும் ஒரு தொட்டியும்

நாற்பது பட்டைகள். தூணைக் குறுக்கே வெட்டினால் தெரியும் முகத்தைக் கணினித் திரையில் அத்தனை துண்டாகத்தான் நறுக்குவார் அந்தக் கட்டடப் பொறியாளர். அலுவலகத்தில் அவர் பெயரே ‘நாப்பது’. அது அவருக்கும் தெரியும். பிறந்தநாள் கேக்கையும் அதே கணக்கில் சீவி, காகிதம்போல ஆளுக்கொன்று நீட்டிவிட்டுச் சிரிப்பார்.

மேலே பாரம், பக்கவாட்டில் காற்று. தூணின் ஒரு பக்கம் நசுங்கும், மறுபக்கம் இழுபடும். நடுவே எங்கோ இரண்டும் இல்லாத ஒரு கோடு. ஒரே கணக்கில் அது அகப்படாது. ஊகித்து, சரிபார்த்து, மறுபடி ஊகிக்க வேண்டும். அந்தக் கோட்டோடு பேசிக்கொண்டேதான் தேடுவார்.

“இன்னும் மேல போ கண்ணு... ஐயோ, தாண்டிட்டியே... ஆ, சிக்கினியா!”

நாற்காலி ஒரு சுற்றுச் சுற்றும். செருப்பு மேசைக்கடியில் தனியே கிடக்கும்.

நான் அவர் அலுவலகத்துக்குப் போன அன்று ஒப்பந்தக்காரர் துள்ளிக்கொண்டு வந்தார். மறுநாள் காலை பத்து மணிக்குத் தூண்களுக்குக் கான்கிரீட்.

“மாடித் தண்ணித் தொட்டிய பிளான்ல கீழ இறக்கியாச்சு மேடம். பாரம் குறைஞ்சுது, பில்லருக்கு ஜாலி. கையெழுத்துப் போடுங்க.”

‘நாப்பது’ புதிய பாரத்தைக் கணினியில் தட்டினார். தூண் தாங்கும் எல்லையைக் காட்டும் பாதுகாப்பு வளைவுக்குள் ஒட்டி நின்ற புள்ளி, வெளியே குதித்தது.

“கெடுத்தீங்களே அண்ணே!” கைதட்டிச் சிரித்தார்.

“என்ன மேடம், தலைகீழா பேசறீங்க?”

‘நாப்பது’ ஆறு புத்தகங்களை வரிசையாக நிறுத்தி, இரு உள்ளங்கைகளால் இறுக்கி அந்தரத்தில் தூக்கினார். “நடுவுல அமுக்குங்க.”

ஒப்பந்தக்காரர் அமுக்கினார். அசையவில்லை.

“இப்ப பிடிய லேசாக்கறேன். அதே அமுக்கு.”

புத்தகங்கள் ஒப்பந்தக்காரர் காலில் விழுந்தன.

“ஆ!”

“அதான் உங்க பில்லர். இறுக்கிப் பிடிச்சிருந்தது தொட்டி. அது போனாலும் காத்து அப்படியேதான அடிக்கும்?”

ஒப்பந்தக்காரர் கால்விரலைத் தடவினார். “சரி, தொட்டிய மேலயே வெச்சிடறேன். தண்ணி தீந்த அன்னிக்குக் காத்தடிச்சா?”

சிரிப்பு நின்றது. ‘நாப்பது’ தன் பழைய கணக்கைத் திறந்தார். அதில் தொட்டி எந்நேரமும் நிறைந்தே இருந்தது.

பிறகு நாற்காலி இரண்டு சுற்றுச் சுற்றியது.

“அண்ணே, நீங்க கெடுக்கல. காப்பாத்திட்டீங்க! தப்பு என்னோடது.”

“அப்ப நாளைக்கு என் வண்டி?”

‘நாப்பது’ பழைய வரைபடத்தில் இருந்த தன் கையெழுத்தைக் குறுக்கே அடித்தார். ஒவ்வொரு தூணிலும் கூடுதல் கம்பிகளுக்காக நான்கு சிவப்புப் புள்ளிகள் வைத்தார்.

நாளை பத்து மணிக்குக் கான்கிரீட் வண்டி வராது. கம்பி வண்டி வரும்.